பஸ்ஸர் நின்ற பிறகு

வெறும் வானத்தைப் பார்க்கும் டிஷ் கத்தக் கூடாது. அது காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய தன் வீட்டு மொட்டைமாடியில் எட்வர்ட் வெறுங்காலோடு நின்றிருந்தான். பகலெல்லாம் காய்ந்த தளம் இன்னும் சுட்டது, உருக்காலைப் புகையின் இரும்பு வாடை தொண்டையில் ஒட்டியது, பின்தெருவில் யாரோ கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார்கள், இத்தனைக்கும் நடுவே அந்தச் சின்னப் பெட்டி ஒரே குரலில் இழுத்துக்கொண்டேயிருந்தது.

பள்ளிக் கண்காட்சிக்காக மகள் பிரின்சி செய்த ரேடியோ தொலைநோக்கி அது. பழைய டிவி டிஷ், சிக்னல் மீட்டர், ஒரு பஸ்ஸர், அவ்வளவுதான். இந்தப் புகையில் கண்ணால் பார்க்கிற தொலைநோக்கிக்கு ஒரு நட்சத்திரமும் தேறாது, ரேடியோ அலைக்குப் புகையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று அவள் சொன்னதை எட்வர்ட் தான் வேலை செய்யும் மில் முழுக்கப் பீற்றியிருந்தான். வெறும் வானத்துக்கு அது முனகும். சூரியனுக்குக் கத்தும். குறுக்கே ஆள் நின்றாலும் கத்தும்.

மதியம் தலைவலி என்று படுக்கப் போகும்போது பிரின்சி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைல டேங்க்காண்ட கத்துச்சு நைனா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், படிக்கட்டாண்ட வந்துட்டுது. பஸ்ஸர் கத்திக்கினு இருக்கிற வரைக்கும் அது நகரல. நீ ஆஃப் பண்ணிடாத."

லூஸ் கனெக்ஷன் என்று சிரித்து அவளை அனுப்பிவிட்டான்.

இப்போது டிஷ்ஷைத் தண்ணீர் டேங்க் பக்கம் திருப்பினான். முனகல். கைப்பிடிச் சுவர் பக்கம், முனகல். படிக்கட்டுப் பக்கம் திருப்பியதும் காது கிழிந்தது. அங்கே ஒரு காக்கை கூட இல்லை.

மில்லில் இருபது வருஷப் பழக்கம் அது. காரணமில்லாமல் அலாரம் அலறினால் முதலில் ஒயரை வெட்டு, பிறகு கோளாறைத் தேடு. கை தானாகக் கட்டரை எடுத்தது.

வெட்டினான்.

அப்பாடா என்றிருந்தது. அவளிடம் காட்டுவதற்காக மில்லிலிருந்து கொண்டுவந்த வெப்பக் கேமராவை ஆன் செய்தான். சூடேறிய பேனல் போர்டுகளைக் கண்டுபிடிக்கிற கேமரா. டிஷ் ரேடியோ அலையைப் பிடிக்கும், இது சூட்டைப் பிடிக்கும், ஒன்றில் தெரிவது மற்றதில் வேறு மாதிரி தெரியும் என்பாள் பிரின்சி.

திரையில் தளம் முழுக்கச் சூட்டின் ஆரஞ்சு. அதில் குளிர்ந்த நீலத் தடங்கள். பாதங்கள். ஐந்து விரல்களும் தெளிவாக. டேங்க்கிலிருந்து படிக்கட்டு வரை.

முதல் படி ஆரஞ்சாக இருந்தது. அவன் பார்க்கப் பார்க்க அங்கே ஒரு பாதம் விழுந்தது. நீலம்.

அடுத்த படியில் இன்னொன்று.

அது கீழே போகிறது. கீழே அவள் தனியாக இருக்கிறாள்.

"பிரின்சி! எழுந்து வெளிய வாம்மா!"

ஒயரை முறுக்கிச் சேர்க்கப் பார்த்தான். சேரவில்லை. போட்டுவிட்டு ஓடினான்.

அறை. சுவரில் இயேசு படம். ஃபேன் சத்தம். கட்டிலில் பிரின்சி, போர்வை இல்லாமல், நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினான். எழவில்லை.

கேமராவைத் தூக்கினான்.

தடங்கள் கட்டிலோடு நின்றிருந்தன. திரையில் அவள் முகம் ஆரஞ்சு. மார்பு ஆரஞ்சு. பாதங்கள் நீலம்.

நீலம் முழங்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.