முதல்ல கிருபா

கிருபாபாயின் அண்ணன் சோலைராஜுக்குப் பதினான்கு வயது. அவனுக்கு ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். கிருபாபாய்க்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அண்ணனிடம் சொல்லாமல் எதையும் செய்யக் கூடாது. எல்லாம் வரிசைப்படி நடந்தால் அவனைப் போலத் தங்கமான பிள்ளை கிடையாது.

வலிப்பு மாத்திரை சாப்பிடுவதால் அவனுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் சோதிக்க வேண்டும். போன வருஷம் அப்பா பொன்னுராஜ், "ரயில் பாக்கப் போவோம்லே" என்று பொய் சொல்லி அவனை லேபுக்குக் கூட்டிப் போனார். அங்கே ரயிலைக் காணோம், ஊசிதான் இருந்தது. மேசை கவிழ்ந்தது. சோலைராஜ் ஓடியே போய்விட்டான்.

"இந்தத் தடவ நான் வேல பாக்குற பேண்டேஜ் கம்பெனியில இருந்து நாலு ஆளக் கூட்டிட்டு வாரேன். அமுக்கிப் பிடிச்சா சோலி முடிஞ்சது," என்றார் அப்பா.

கிருபாபாய்க்கு அழுகையே வந்துவிட்டது. "வேண்டாம்ப்பா! நான் அண்ணனத் தயார் பண்ணுதேன்."

"நீயா? முள்ளு குத்துனாலே ஊரக் கூட்டுவியே! சரி, பண்ணிப் பாரு. அவன் உக்காரலன்னா நாலு ஆளுதான்."

அன்றைக்கே கிருபாபாய் ஒரு நாற்காலியைப் போட்டாள்.

"அண்ணே, சனிக்கிழமை ரத்தம் எடுக்கணும். ஊசி குத்துவாங்க. வலிக்கும். பொறவு நின்னுரும்," என்று உள்ளதைச் சொன்னாள்.

சோலைராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவளே நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் சைக்கிள் டியூப் துண்டைக் கட்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, பேனா மூடியால் குத்திக்கொண்டாள். அண்ணன் ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் எழுந்ததும் அவன் வந்து உட்கார்ந்தான்!

தினமும் இதே கூத்துதான். கடைசியில் அவனே டியூபை எடுத்துக்கொண்டு வந்து, "கிருபா, ரத்தம்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

சனிக்கிழமை லேபுக்குப் போனார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அப்பா நாலு ஆளையும் கூட்டி வந்திருந்தார். அவர்கள் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாப்பா, உக்காரு," என்றார் ரத்தம் எடுக்கும் சுந்தரம்மாள் அக்கா.

சோலைராஜ் நகரவில்லை. "முதல்ல கிருபா," என்றான்.

கிருபாபாய்க்குப் பகீர் என்றது. தினமும் முதலில் உட்கார்ந்தது யார்? அவள்தானே! அண்ணனுக்கு அதுதான் வரிசை.

"ஏலே, அவளுக்கு எதுக்குலே?" என்றார் அப்பா.

"முதல்ல கிருபா! முதல்ல கிருபா!" அவன் குரல் ஏறியது. கைகள் படபடவென்று ஆடின. நாலு ஆளும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

கிருபாபாய் ஊசியைப் பார்த்தாள். ஐயோ, இது பேனா மூடி இல்லையே! ஆனாலும் அண்ணனை நாலு பேர் அமுக்குவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. போய் உட்கார்ந்துவிட்டாள்.

"எடுங்கக்கா."

சுந்தரம்மாள் அப்பாவிடம் திரும்பினார். "பிள்ளைக்கு ரத்த வகை பாத்துருவோமாண்ணே? கொஞ்சம்போல எடுத்தாப் போதும்."

அப்பா மெல்லத் தலையாட்டினார்.

அக்கா கட்டினார், துடைத்தார், குத்தினார். கிருபாபாய்க்குக் கண்ணில் நீர் முட்டியது.

"வலிக்குதுண்ணே," என்றாள். செத்த நேரம் கழித்து, "இப்ப நின்னுருச்சு," என்றாள்.

அவள் எழுந்தாள். சோலைராஜ் உட்கார்ந்து கையை நீட்டினான். ஊசி ஏறும்போது மட்டும் "ம்ம்ம்" என்று முனகினான். யாரும் அவனைப் பிடிக்கவில்லை.

"அம்புட்டுதான், முடிஞ்சது!" என்றார் அக்கா. கிருபாபாய்க்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சோலைராஜ் எழுந்து நாற்காலியை நேராகத் திருப்பி வைத்தான்.

"அடுத்து அப்பா," என்றான்.

"எனக்கா? எனக்குக் கம்பெனிக்கு நேரமாச்சே!" அப்பாவின் கண் வாசலைத் தேடியது.

கிருபாபாய் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றுகொண்டாள்.