எட்டுப் பேருக்கும் பதினான்கு நொடி

நிகராக்கியின் உலோகத் தகட்டில் இமல்டா இடது காலை வைத்தாள். பிறவியிலேயே விறைத்துப்போன கால். நான்கு நொடிக்குள் தகடு அவளை முழுதாக அளந்து, அவளுடைய ஈட்டுநொடியைக் கணக்கிட்டுத் தனக்குள் பூட்டிக்கொண்டது. ஓடிய நேரத்தில் ஈட்டுநொடியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் முடிவு. உடம்பில் எவ்வளவு குறையோ அவ்வளவு ஈடு.

முன்பெல்லாம் மருத்துவர்கள் கையால் தொட்டுப் பார்த்துத்தான் மாற்றுத்திறனாளி வீரர்களை வகுப்பு பிரித்தார்கள். அந்தப் பரிசோதனைக்கு முன்னால் சிலர் காலை ஐஸ் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கால் இன்னும் விறைக்கும், கீழ் வகுப்பு கிடைக்கும், பதக்கமும் சுலபம். இமல்டாவின் பயிற்சியாளர் சுடலைமுத்து அந்த வித்தையில் கரை கண்டவர். நிகராக்கி வந்து அவர் வாயில் மண்ணைப் போட்டது. ஐஸ் எவ்வளவு விறைக்கவைத்ததோ அதற்கு மட்டும் ஈடு கொடுத்தது. நயா பைசா லாபமில்லை.

போன ஆண்டு நூறு மீட்டர் இறுதிப் போட்டியில் மேலப்பாளையத்து மும்தாஜ் ஒரு நொடியில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் இமல்டாவை முந்தினாள். சுடலைமுத்து அன்றைக்கே ஒரு பிராது எழுதிக்கொண்டு வந்தார்.

"மிஷின் உடம்பத்தான அளக்கு? அந்தப் பிள்ளைக்குப் பிடிவாதம் பிறவியிலேயே கூட. அது என்ன, உழைச்சா வாங்குனா? கையெழுத்துப் போடுட்டி."

இமல்டா போட்டாள். தடகளச் சங்கம் கூடிப் பேசி, நியாயம்தான் என்றது. பிடிவாதம், வலி தாங்கும் தெம்பு, ஜெயிக்கும் ஆசை எல்லாவற்றையும் அளக்க நிகராக்கிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மனசு உறுதியாக இருந்தால் ஈடு குறையும், தளர்ந்திருந்தால் ஏறும். யாருக்கும் அநியாயம் நடக்கக் கூடாதல்லவா!

இந்த ஆண்டு அரையிறுதியில் ஓடிய எட்டுப் பேருக்கும் 14.00.

"மிஷின் கெட்டுப்போச்சா சார்?" என்று கேட்டாள் இமல்டா.

"கெடலட்டி. இப்பதான் சரியா வேல செய்யுது" என்றார் சுடலைமுத்து. அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. எட்டுப் பேரையும் இறுதிக்கு அனுப்பினார்கள்.

அந்த இறுதிதான் இன்று. இமல்டாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, இதுதான் கடைசி ஓட்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வருடமாக அவள் ஆசைப்பட்டதெல்லாம் ஒரே ஒரு தடவை மும்தாஜுக்கு முன்னால் கோட்டைத் தொடுவது. அந்த ஆசையையும் தகடு இப்போது அளந்து முடித்திருந்தது.

பக்கத்துத் தடத்தில் குனிந்திருந்த மும்தாஜ் கேட்டாள்: "ஏங்க்கா அந்தப் பிராதுல கையெழுத்துப் போட்ட? எனக்குன்னு இருந்தது அந்தப் பிடிவாதம் ஒண்ணுதான."

இமல்டாவுக்கு வெட்கமாக இருந்தது. பதில் சொல்வதற்குள் தொடக்கத் துப்பாக்கி வெடித்தது.

நாற்பது மீட்டர் வரை இருவரும் தோளோடு தோளாக ஓடினார்கள். இமல்டா ஒருகணம் நிமிர்ந்து பார்த்தாள். அரங்கில் ஒருவர்கூட ஓட்டத்தைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் முடிவுப் பலகையில் இருந்தது. என்ன ஓடினாலும் பதினான்குதான். சரி, தோற்றாவது பார்ப்போம், அந்த எண்ணாவது உடையட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தடத்திலேயே உட்கார்ந்து, முழங்காலில் முகம் புதைத்து அழுதாள்.

எவ்வளவோ நேரம் கழித்து எழுந்து, காலை இழுத்து இழுத்து நடந்து கோட்டைத் தாண்டினாள். பலகையில் அவள் வரி ஏறியது.

ஓடிய நேரம்: 4 நிமிடம் 11 நொடி. ஈட்டுநொடி: 3 நிமிடம் 57 நொடி. காரணம்: மனம் விட்டுப்போதல். முடிவு: 14.00.

தகட்டில் கால் வைத்தபோதே அதற்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

எட்டுப் பேர் கழுத்திலும் தங்கம் ஏறியது. கூட்டம் எட்டுப் பேருக்கும் ஒரே அளவாகக் கைதட்டியது. மேடையிலிருந்து இறங்கும்போது மும்தாஜ் இமல்டாவின் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு நாந்தானக்கா முன்னால போனேன்? அங்க யாருமே பாக்கல. நீ பின்னாலதான இருந்த, நீ பாத்திருப்பல்லா?"

இமல்டா பார்க்கவில்லை.