ஃபியூஸ் கட்டை அவள் கையில்

மூன்றாவது தடவை "போடு" என்று கேட்டபோதுதான், அந்தக் குரல் மாடி அறையிலிருந்து வரவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. மாடிப்படி திரும்பும் இடத்திலிருந்து வந்தது. அவள் தலைக்கு மேலே, ஐந்தாறு படி தள்ளி.

மாலை நாலு மணிதான். ஆனாலும் மழை கொட்டிய கொட்டில் வீடு முழுக்க இருட்டி, சுவரெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாடை அடிக்க, மாடிப்படிக்கு அடியில் மெயின் பெட்டிக்கு முன்னால் அவள் ஒண்டிக்கொண்டு நின்றாள். வலது கையில் ஃபியூஸ் கட்டை. அதன் வெள்ளைப் பீங்கான் வியர்வையில் வழுக்கியது. இடது கை கட்டைவிரலில் கணவனின் மோதிரம். ஒயரைத் தொடுகிற கையில் மோதிரம் இருக்கக் கூடாது என்று அவனே கழற்றி மாட்டிவிட்டிருந்தான்.

"கரண்ட் போயிருச்சு. இப்பவே அந்தக் கெட்டுப்போன மாடி ஸ்விட்சை மாத்திடறேன்" என்று அவன் கிளம்பியபோது அவள் தடுத்துப் பார்த்தாள்.

"எலக்ட்ரீஷியன் நாளைக்கு வர்றேன்னாரேங்க."

"அவர் வர்றதுக்குள்ள நமக்குப் பேரனே பொறந்துடுவான்."

மெயின் ஸ்விட்சின் கைப்பிடி துருவேறி அசையவில்லை. அதனால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி அவள் கையில் திணித்தான். அப்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "கரண்ட் எப்ப வேணாலும் வரும். நான் இறங்கி வந்து உன் கையிலேருந்து வாங்கற வரைக்கும் இதை விடாதே. மேலேருந்து நானே கத்தினாலும் போடாதே. புரியுதா?"

புரியாமல் என்ன? மூன்று வருடத்துக்கு முன்னால், இதே வீட்டில், இதே மாதிரி கரண்ட் போன நேரத்தில் அவன் அண்ணன் மேலே வேலை பார்த்தார். அவன் இந்தக் கட்டையோடு கீழே நின்றான். "போடு" என்று அண்ணன் குரல் கேட்டது. போட்டான். அடுத்த நிமிடம் கரண்ட் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அண்ணன் டார்ச்சைப் பல்லால் கடித்தபடியே செத்துக் கிடந்தார். வாயில் டார்ச் இருக்கிற மனுஷன் எப்படிக் கூப்பிடுவார்? "சத்தியமா அண்ணன் குரல்தான்" என்று இவன் தலையில் அடித்துக்கொண்டு அழுததை யாரும் நம்பவில்லை. அவளும் உள்ளூர நம்பவில்லை. இன்றைக்கு வரைக்கும்.

"போட்டுடு, குண்டூசி. வேலை முடிஞ்சுது."

குண்டூசி என்று அவன் மட்டும்தான் கூப்பிடுவான், அதுவும் பக்கத்தில் யாரும் இல்லாதபோது. அவன் குரலேதான். ஆனால் மேலே, மாடி அறையில், சுவரைக் கொத்தும் சத்தம் டொக் டொக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பழைய வீடு, மழைச் சத்தம், குரல் எங்கே பட்டு எங்கே திரும்புகிறதோ. பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"சொன்னீங்கல்ல, நீங்களே இறங்கி வந்து என் கையிலேருந்து வாங்கிக்குங்க!"

குரல் அடங்கியது. கொத்தும் சத்தமும் நின்றது.

பிறகு காலடி. ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல். அவன் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு போனானே, செருப்புச் சத்தம் வரவில்லையே, வெறுங்கால் சத்தம்தானே என்று ஒரு நினைப்பு ஓடியது. கழற்றியிருப்பான். டார்ச்சும் இல்லை. அணைத்திருப்பான். அவன் உயரம், அவன் தோள், அவன் சட்டை வாசனை. அதோடு லேசாக, முடி கருகிய நாற்றம்.

"அப்பாடா, வந்துட்டீங்களா! எனக்கு உசுரே போயிருச்சுங்க."

அவன் கையை நீட்டினான். அவள் கட்டையை அதில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டபோது, சில்லென்று ஏதோ அவள் உள்ளங்கையை உரசியது.

மோதிரம்.

அவள் தன் கட்டைவிரலைத் தடவினாள். அவனுடைய மோதிரம் அங்கேயே இருந்தது.

மேலே மறுபடியும் டொக். டொக். கூடவே அவன் சீட்டி அடிப்பது.

பெட்டிக்குள் கட்டை போய் உட்கார்ந்தது. டக்.

"ஏங்க!" வீடே அதிரக் கத்தினாள். "கையை எடுங்க! தொடாதீங்க! ஏங்க!"

சீட்டி நின்றது. "என்னாச்சு? மழையில ஒண்ணும் கேக்கல!"

வாயைத் திறந்தாள். திறந்த வாயின் மேல் அந்தக் கை வந்து பொத்தியது. மோதிரம் உதட்டை நசுக்கியது. மூச்சுக்குக்கூட வழி இல்லை. நகத்தால் பிறாண்டினாள், உதைத்தாள். சுவரை உதைத்த மாதிரிதான் இருந்தது.

அவள் காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண் பேசினாள். அவளுடைய குரல். அதே இழுப்பு, அதே கொஞ்சல்.

"ஒண்ணுமில்லைங்க, பல்லியைப் பாத்துப் பயந்துட்டேன். கட்டை என் கையிலதான் இருக்கு. நீங்க வேலையைப் பாருங்க."

மேலே அவன் சிரித்தான். "சரிடி குண்டூசி. ரெண்டே நிமிஷம். ஒயரை முறுக்கிட்டு வந்துடறேன்."

வேண்டாம்.

வேண்டாம், வேண்டாம்.

முன் அறை ஜன்னல் வழியே சரிவான தெரு தெரிந்தது. மழைக்குள், அடிவாரத்தில், கடைசித் தெருவில் விளக்குகள் வந்தன. யாரோ குழந்தைகள் "ஹே" என்று கூவினார்கள். அதற்கு அடுத்த தெரு. அதற்கும் அடுத்தது.

மேலே ஸ்டூல் கிறீச்சிட்டது. அவன் ஏறி நின்றிருந்தான்.

எதிர் வீட்டு வாசல் விளக்கு எரிந்தது.