சுவரைப் பார்த்த பாதம்

அம்மாவின் இடது பாதம் கூரையைப் பார்த்திருக்க, வலது பாதம் மட்டும் சுவர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தது. சத்யபிரியா அதை மெல்ல நிமிர்த்தித் தலையணையால் அண்டைகொடுப்பாள். விளக்கைத் தூண்டிவிட்டுத் திரும்பினால் மறுபடியும் சுவரைப் பார்க்கும்.

குழாயடியில் வழுக்கி விழுந்த அம்மா மாயக்காளை அருப்புக்கோட்டைக்குத் தூக்கிப் போனபோது எலும்பு டாக்டர் படத்தைக் காட்டித் தெளிவாகத்தான் சொன்னார். "தொடை எலும்பு இடுப்புக்கிட்ட முறிஞ்சிருக்கும்மா. கட்டுப் போட்டாச் சேராது. ரெண்டொரு நாள்ல ஆபரேஷன் பண்ணி, உக்கார வச்சிரணும். படுத்தே கிடந்தா முதுகு புண்ணாகும், நெஞ்சுல சளி கட்டும். அதுதான் ஆளைக் கொல்லும்."

"காளியாத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரோம் சார்," என்றாள் சத்யபிரியா.

அவர்கள் ஊரில் கல்யாணமோ கிணறோ, பூக்கட்டிப் பார்க்காமல் யாரும் கைவைப்பதில்லை. கோவிலில் பூவுக்கு ஒன்றாக இரண்டு பொட்டலம் கட்டினார்கள்; செவ்வரளி வந்தால் ஆபரேஷன், வெள்ளரளி வந்தால் நாட்டு வைத்தியர். பூசாரி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளை. "கத்தி வேணாம்னு ஆத்தாளே சொல்லிட்டாத்தா," என்று சேதி கேட்ட அம்மா படுத்தபடியே கும்பிட்டாள். சத்யபிரியாவுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவின் உடம்பில் கத்தி படுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கோவிலிலிருந்து கூடவே கொண்டுவந்த இன்னொரு பொட்டலம், பிரிக்காமல் அடுப்படி மாடத்திலேயே கிடந்தது.

மூங்கில் பத்தையும் பச்சிலையும் வைத்த கட்டுக்குள் கால் குட்டையாகிக்கொண்டே வந்தது. முதுகில் புண் வாய் திறந்தது. இன்று காய்ச்சல் ஏறி, குடத்தில் தண்ணீர் மொள்வதுபோல மூச்சு களகளத்ததும், அழுதுகொண்டே நூற்றெட்டுக்குப் போன் போட்டாள்.

"திருச்சுழியிலருந்து வண்டி வருதும்மா. பக்கத்துலயே இருங்க."

கரண்டு போயிற்று. கருவேல மரங்களுக்குப் பின்னால் கடைசி வெளிச்சமும் வடிந்து, அடங்காத வெக்கையில் பச்சிலை எண்ணெயின் வாடையும் புண்ணின் வாடையும் கலந்து மூக்கில் ஏற, அம்மாவின் கையைப் பிடித்தபடி வாசலில் வண்டிச் சத்தம் கேட்காதா என்று காத்திருந்தவளுக்கு, சத்தம் கேட்டது அடுப்படியிலிருந்து.

ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை இழுக்கும் சத்தம்.

பூனை என்று நினைத்துக்கொண்டாள். பூனைக்கு அத்தனை கனம் கிடையாது.

மறுபடியும். பிறகு இழுவை குறைந்தது. பிறகு இழுவையே இல்லை. இரண்டு காலும் ஒரே சீராய். இடுப்பில் குடத்தோடு குழாயடிக்குப் போகும் நடை. பிறந்ததிலிருந்து கேட்ட நடை.

பிடித்திருந்த கையில் சூடு இல்லை. எப்போது ஆறியது?

"அம்மா..."

கட்டிலில் களகளப்பும் இல்லை.

"என்னத்தா," என்றது அடுப்படியிலிருந்து ஒரு குரல்.

நிலைப்படியில் மாயக்காள் நின்றிருந்தாள். நிமிர்ந்து. இரண்டு பாதமும் நேராக.

"பாருத்தா. நல்லா நடக்கேன்."

அந்த முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சத்யபிரியா தாங்கியிருப்பாள். மாயக்காள் கையை நீட்டினாள். மாடத்தில் கிடந்த பொட்டலம், பிரித்தபடி. உள்ளே செவ்வரளி. வாடவே இல்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. அதன் விளக்கு சுவரில் சுழன்றது. ஒவ்வொரு சுழற்சிக்கும் அம்மா ஓரடி கிட்டே வந்தாள். பூவை நீட்டியபடி.

கட்டிலில், சுவரைப் பார்த்திருந்த பாதம் யாரும் தொடாமல் மெல்ல நிமிர்ந்தது.