நல்லதாக ஒரு வார்த்தை

சின்னராஜ் பேசிக்கொண்டிருக்கும்போதே குளியலறைக் குழாய் தானாகத் திறந்துகொண்டது.

"டெல்வின் அண்ணன் ஷிப்டு முடிஞ்சி வந்தா, சோப்புத் தூள் போட்டுக் கையத் தேய்ச்சிக் கழுவாம சோத்துல உக்கார மாட்டாருங்க" என்று டெல்வினின் கம்பெனி நண்பனான அவன் சொல்லி வாய் மூடவில்லை, தண்ணீர் வாளியில் விழும் சத்தமும், சொரசொரப்பான உள்ளங்கைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தமும், ஓராண்டாக இந்த வீட்டை விட்டுப் போயிருந்த மெஷின் ஆயில் வாடையும் ஒன்றன்பின் ஒன்றாக வின்சியிடம் வந்து சேர்ந்தன.

"தண்ணி விட்டுட்டாங்க போல" என்றாள் பக்கத்து வீட்டு லாவண்யா, பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு.

மூக்கண்டப்பள்ளி வீட்டின் ஒற்றைக் கூடத்தில் வின்சியின் கணவன் டெல்வினுக்கு முதலாண்டு நினைவு ஜெபம். சுவரில் பிளெக்ஸ்: அன்புக் கணவர், பாசமிகு தந்தை. அச்சடிக்கக் கொடுத்தது மாமியார். அவன் அடித்த அடி வின்சியின் இடது காதுக்குத்தான் தெரியும். அந்தக் காது இன்றும் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் செத்தவனைப் பற்றிக் கெட்டது பேசக் கூடாதாம். ஆளுக்கொரு நல்ல வார்த்தை சாட்சியாகச் சொல்ல வேண்டும், அதுதான் அவர்கள் சபை வழக்கம். போனவன் ஒரே நாளில் நல்லவனாகிவிடுகிறான்; இருப்பவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர்களுக்குப் பிரியாணி பரிமாற வேண்டும்.

மாமியார் எழுந்தாள். "எம்புள்ளைக்குக் குடும்பம்னா உசுரு. வீட்டுக்குள்ள வந்தான்னா கதவத் தாப்பா போட்டுட்டுத்தான் மறுவேல பாப்பான். அவ்ளோ பத்திரம்."

வாசல் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. எல்லாரும் காற்று என்று நினைத்தார்கள். வின்சி மட்டும் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த அந்த இரும்பு, பழகிய கை தள்ளுவதைப் போல, அவசரமில்லாமல் நகர்ந்து விழுந்தது. அது விழுந்த பிறகு இந்த வீட்டில் என்னென்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னதெல்லாம் வருகிறது. சொல்லச் சொல்ல அவன் வருகிறான்.

"வின்சி, நீ சொல்லும்மா" என்றார் போதகர்.

எழுந்தாள். "அவரு செத்துட்டாருங்க ஐயா. பொட்டில வெச்சி ஆணி அடிச்சாங்க, நான் பாத்தேன். மண்ணு போட்டேன். அவ்ளோதான்."

குழாய் நின்றது. மாமியார் முறைத்த முறைப்பு வின்சிக்கு உறைக்கவே இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது. இனி யாரும் வாய் திறக்காமல் இருந்தால் போதும்.

"கொழந்த ஒரு வார்த்த சொல்லட்டுமே" என்றார் போதகர்.

"வேண்டாங்க ஐயா. அவ மட்டும் வேண்டாம்."

"அப்பனப் பத்திப் பேசுனா உனக்கு எங்கடி வலிக்குது?" மாமியார் பேத்தியை முன்னால் தள்ளினாள்.

ஃபெபா. இரண்டாம் வகுப்புப் பிள்ளை. வாயைப் பொத்த ஓடிய வின்சியை லாவண்யா பிடித்து அணைத்துக்கொண்டாள். "அழாதக்கா, மனச தேத்திக்கக்கா."

"அப்பா ஜெபம் பண்றப்ப என் தல மேல கை வெப்பாரு" என்றாள் ஃபெபா.

"ஆமென்!" கூடமே உருகிப்போனது.

அது ஆசீர்வதித்த கை அல்ல. வசனத்தில் ஒரு சொல் தப்பினால் அழுத்தும். இன்னொன்று தப்பினால் இன்னும். பிள்ளை மூச்சுக்குத் திணறும்வரை. வின்சி காலில் விழும்வரை.

"கண்ண மூடி ஜெபிப்போம்."

எல்லாக் கண்களும் மூடின. வின்சியுடையவை மூடவில்லை.

ஆயில் வாடை நகர்ந்தது. பாய் அமுங்கியது. பிள்ளைக்குப் பின்னால்.

ஃபெபாவின் உச்சி முடி படிந்தது. ஐந்து விரல் தடம். தலை குனிந்தது.

வின்சி உதறிக்கொண்டு பாய்ந்தாள். பிள்ளையைக் கட்டி இழுத்தாள். வரவில்லை. "எம்புள்ளைய விடுறா!" என்று அலறினாள். புருஷனை நினைத்து அழுகிறாள் என்று அவர்கள் ஜெபக் குரலை இன்னும் உயர்த்தினார்கள்.

மாமியார் அரைக்கண் திறந்து பேத்தியைப் பார்த்தாள். "எவ்ளோ பக்தியா குனியுது பாரு" என்று பூரித்துப்போய் மறுபடி மூடிக்கொண்டாள்.

ஃபெபாவின் முகவாய் நெஞ்சில் பட்டது. தலை இன்னும் குனிந்துகொண்டிருந்தது.