முந்நூறு வாத்துகளும் ஒரு தும்பிக் குஞ்சும்

இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியதில்லை. பெண்ணையாற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்திச் சத்தியம் செய்கிறேன். ஆற்றில் தண்ணீர் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் செய்கிறேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஐப்பசி. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், பெண்ணையாறு எந்தக் காலத்திலோ கோபித்துக்கொண்டு வேறு தடம் போட்டுப் போய்விட்டது. விட்டுப்போன தடத்தில் தண்ணீர் மட்டும் தேங்கிக் கிடந்தது. பழைய ஆறு என்பார்கள். தன் முந்நூறு வாத்துகளுக்குப் புதிதாகத் தீனி தேடிக் கரும்புக் கொல்லை வழியே வந்த ஜெனித், அங்கே முதலில் பார்த்தது இரண்டு கண்களை...

கண்களுக்குக் கீழே ஒரு பெண்ணும் இருந்தாள். முழங்கால் தண்ணீர், கையில் வலை. ஒரு தூறல் அவள் இமைமேல் விழுந்து, இறங்க மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"இன்னாங்க, மீனா?"

"பூச்சி."

பெயர் வெனிலா, முகையூர்க்காரி, திண்டிவனத்தில் விலங்கியல் படிக்கிறாள் என்பதெல்லாம் பேச்சுவாக்கில் வந்தது. வெள்ளைத் தட்டில் தண்ணீரை ஊற்றிக் காட்டினாள். ஒரே நாள் பறந்து சாகிற பூச்சியின் குஞ்சு மூன்று வால் முடியோடு நெளிந்தது. பக்கத்தில், கடன்காரனைப் பார்த்த முகத்தோடு ஒரு தும்பிக் குஞ்சு. இவை இருந்தால் தண்ணீர் உயிரோடு இருக்கிறது; சேற்றில் சிவப்புப் புழு மட்டும் என்றால் தண்ணீர் செத்துவிட்டது. அவ்வளவுதான் கணக்கு என்றாள்.

"அதுக்கு இம்மாம் பாடா? ஒரு வாய் குடிச்சிட்டு நானே சொல்லிட மாட்டேனா?"

"நீங்க பொய் சொல்லலாம். பூச்சி சொல்லாது."

பிறகு அவள் கேட்டாள், இந்தப் பக்கம் வாத்து வருமா என்று. வாத்து இறங்கினால் பூச்சியெல்லாம் போய்விடும்; அப்படியென்றால் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவாளாம்.

வேறு இடம்... ஜெனித் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். கரும்புக்குப் பின்னால் முந்நூறு வாத்துகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"வாத்தா? இந்தப் பக்கமே கெடையாதுங்க."

அன்று சாயங்காலமே வாத்துகள் பழைய ஆற்றில் இறங்கி ருசி கண்டுவிட்டன. மறுநாளிலிருந்து அவற்றைத் தெற்கே ஓட்டினான், வடக்கே ஓட்டினான். இரண்டு ஊர் சுற்றிவிட்டு வரிசை கலையாமல் அங்கேயே வந்து நின்றன. கடைசியில், விடிந்ததும் மேயவிட்டு, அவளுடைய ஒன்பது இருபது பஸ் வருவதற்குள் விரட்டிவிட்டு, கரையிலிருந்த காலடிகளை விளக்குமாற்றால் பெருக்கினான். அறுநூறு கால். அப்புறம் தலை வாரிக்கொண்டு, கரும்புக்காரன் மாதிரி வந்து, அவளுக்குத் தட்டைப் பிடித்தான். அவள் எண்ணுவாள். அவன் அவள் இமைகளை எண்ணுவான்...

முதல் வாரம் தும்பிக் குஞ்சு நாற்பத்தொன்று. அப்புறம் பத்தொன்பது. அப்புறம் ஆறு. மார்கழியில் ஒரு நாள், தட்டில் சிவப்புப் புழு மட்டும். வெனிலா இன்னும் இரண்டு முறை வலை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் செத்துவிட்டது, அப்படித்தான் எழுதித் திங்கட்கிழமை பேராசிரியர் பாண்டுரங்கனிடம் கொடுக்கப் போகிறேன் என்றாள். எழுதிக் கொடுத்ததும், செத்த தண்ணீர் எதற்கு என்று அதிகாரிகள் பழைய ஆற்றில் மண் கொட்டி மேடாக்கிவிடுவார்களாம்.

சொன்னால், இரண்டு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பொய் சொன்னவன். சொல்லாவிட்டால், ஆறு மண்ணுக்குள்ளே. அவள் இனி வரப்போவதில்லை.

திங்கட்கிழமை ஒன்பது இருபது பஸ் அவள் இல்லாமல் வந்து நின்றது. ஜெனித் உடனே கையில் கிடைத்த ஒரு வாத்தைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் திரும்பும்போது அதிலேயே ஏறிவிட்டான். கண்டக்டர் வாத்துக்கு அரை டிக்கெட் கிழித்தார். டிக்கெட் வாங்கியதும் அது ஜன்னலோரம் கேட்டது.

கல்லூரியில் அவன் ஓடி நுழைந்தபோது பேராசிரியர் பேனா மூடியைக் கழற்றியிருந்தார். எதிரே வெனிலா. மேசையில் சாராய நெடியோடு ஒரு கண்ணாடி ஜாடி, அதற்குள் முதல் வாரம் பிடித்த தும்பிக் குஞ்சுகள். வாத்து அவன் கக்கத்திலிருந்து தாவி, ஜாடிக்குள் அலகை விட்டு, நாற்பத்தொன்றையும் காலி செய்தது. பிறகு மேசை ஓரம்வரை நேராக நடந்து, அதற்கப்புறமும் நேராகவே நடந்தது.

"இந்த மாதிரி முந்நூறு இருக்குதுங்க, எல்லாம் என்னுது" என்றான் ஜெனித், மூச்சு வாங்க. "தண்ணி சாவல. என் வாத்துங்கதான் தின்னுடுச்சி. பூச்சி பொய் சொல்லல... நான்தான் சொன்னேன்."

பேராசிரியர் பேனாவை மூடினார். வாத்துக்குக் காற்று வேண்டும் என்று சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். விவரமான மனிதர்.

"ரெண்டு மாசம்..." வெனிலாவின் கண்கள் சிவந்தன. "தட்டப் புடிச்சிக்கினு பக்கத்துலயே இருந்தீங்களே. ஏன்?"

"வாத்து வந்தா வேற எடம் போயிடுவேன்னீங்க. நீங்க போயிட்டா எனக்கு..."

மிச்சத்தை வெளியே திடீரென்று கொட்டிய மழை சொன்னது. வெனிலா மேசைமேல் கிடந்த தாள்களைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டாய்க் கிழித்தாள். பிறகு தாளைப் பார்த்தபடியே பேசினாள்.

"வேற எடம்னு ஒண்ணு எங்கிட்ட இருந்ததே இல்ல. யாராவது வாத்து வச்சிருந்தா ஓட்டிடட்டும்னு சும்மா மெரட்டுனேன்."

"அப்ப ரெண்டு பேருமே பொய்யா?"

"நான் சொன்னது ஒண்ணு. நீங்க முந்நூறு." இமைக்குள் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நாளைக்கே கரையச் சுத்தி வலை கட்டுங்க. பூச்சிங்க திரும்பி வரட்டும். எனக்குத் தட்டுப் புடிக்க ஆள் வேணும்."

"எவ்ளோ நாளைக்கு?"

"பூச்சிங்க வந்தப்புறமும்..." என்றாள்.

பங்குனியில் தும்பிக் குஞ்சு முப்பத்தெட்டு. மண் லாரி வரவில்லை. வைகாசியில் முகையூர் மாதா கோயிலில் கல்யாணம். தாலி ஏறுகிற நேரத்தில் மணப்பெண்ணின் முக்காட்டில் ஒரு தும்பி வந்து உட்கார்ந்தது. முப்பத்தொன்பது என்றாள் வெனிலா, மெதுவாக, அவன் காதில்.

சின்ன விவரம் ஒன்று விட்டுப்போயிற்று. ஜெனித் வீட்டில் அன்றும் இன்றும் வளர்ப்பது கோழி.