தனிஸ்லாஸைத் தழுவியது

ரூபியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுவரும் மூடியே கிடக்கும் மரச் சன்னல்களுமாக அந்த வீடு நின்றது. ரூபி என்னோடு மாதா கோவில் பாடகர் குழுவில் பாடுகிறவள். பத்து வருடமாகச் சாரம் பகுதியில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன், சொந்தமாக ஒரு பியானோ கிடையாது. அதனால்தான் அவள் வீட்டுப் பழைய பியானோவைத் தேடி வந்தேன்.

சென்னையில் நடக்கும் போட்டிக்கு அன்று மாலைக்குள் ஒலிப்பதிவை அனுப்பவேண்டும். நாமே இயற்றி, தனியாக வாசிக்கவேண்டும். வயது வரம்பு முப்பத்தைந்து. அடுத்த வாரம் எனக்கு முப்பத்தாறு. போன வருடம் என் படைப்பை ஒரே வார்த்தையில் ஒதுக்கினார்கள்: 'தழுவல்'. யாரைத் தழுவினேன் என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

புது மெட்டை வாசித்துப் பார்த்தேன்.

"எங்க சின்னத் தாத்தா பாட்ட எங்கடா புடிச்ச, நெல்சன்?" அடுக்களையிலிருந்து ரூபி கேட்டாள்.

"என் பாட்டு ரூபி. போன வாரம் எழுதினது."

"அட போடா. அப்பா இதத்தான் முணுமுணுத்துக்கிட்டே ஷேவ் பண்ணுவாரு."

அலமாரியிலிருந்து சின்னத் தாத்தா கைப்பட எழுதிய நோட்டை எடுத்துவந்தாள். தனிஸ்லாஸ், அவள் அப்பாவின் சித்தப்பா, அவள் பிறக்கும் முன்பே இறந்தவர். பழுப்பேறிய தாளில் என் மெட்டு இருந்தது. ஒரு ஸ்வரம் பிசகவில்லை.

எரிச்சல் தலைக்கேறியது. மெட்டைத் தலைகீழாக்கி வாசித்தேன். அடுத்த பக்கத்தில் அது தலைகீழாக இருந்தது.

வேகத்தைப் பாதியாக்கினேன்.

அதற்கடுத்த பக்கத்தில் அதுவும் இருந்தது.

"இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்லியா?" என்று கத்தினேன்.

ரூபி சிரிக்கவில்லை. "பேசாம அவரு பேரயும் போட்டுடேன்," என்றாள் மெதுவாக.

அவள் சொன்னது நியாயம்தான். பிராம்ஸ் ஹாண்டலின் மெட்டை எடுத்தார், ராக்மானினாஃப் பகானினியின் மெட்டை எடுத்தார். பெயரைச் சொல்லியே எடுத்து, அதன்மேல் தங்கள் வீட்டைக் கட்டினார்கள். என் படைப்பின் முகப்பில் 'தனிஸ்லாஸைத் தழுவியது' என்று எழுதினேன். எங்கள் ஊர்க் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் இருக்கும் தன் அம்மாவைப் பார்க்க ரூபி கிளம்பிப் போனாள். கைபேசியில் பதிவைத் தொடங்கினேன்.

பாதியில் ஓடிகோலன் சென்ட் வாசனை வந்தது.

பிறகு குளிர்.

பிறகு, என் தோள்களைச் சுற்றி இரண்டு கைகள்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சட்டைத் துணி மட்டும் என் கழுத்தில் உரசியது. தழுவியது என்று எழுதினால் இப்படியா எடுத்துக்கொள்வார்! நிறுத்தினால் பதிவு போச்சு, மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி ஸ்வரம் வரை வாசித்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். கைபேசி ஞாபகம் வந்து திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. கேட்டுப் பார்க்கப் பயந்து, அப்படியே அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து இன்றுதான் பதில் வந்தது. 'தனி வாசிப்புக்கு மட்டுமே அனுமதி. இதில் இருவர் வாசிக்கிறார்கள்.'

ஆத்திரத்தோடு பதிவைப் போட்டேன். அவர்கள் சொன்னது சரி. என் வாசிப்புக்கு அடியில், கீழ் ஸ்தாயியில் இன்னும் இரண்டு கைகள் வாசித்தன. மெட்டு முடிந்து நான் எழும் நாற்காலிச் சத்தம் கேட்டது. ஓடும் காலடி கேட்டது.

வாசிப்பு நிற்கவில்லை.

புதிதாக வேறொரு மெட்டு தொடங்கியது. இன்று காலை குளிக்கும்போது எனக்குத் தோன்றிய மெட்டு அது. அதை இன்னும் யாருக்கும் நான் வாசித்துக் காட்டவில்லை.